கையால் முடுக்கிய நட்டு

விளக்கெண்ணெய்க்கு ஒரு வாசனை உண்டு. கோயில் அகலில் எரிகிற வாசனையைச் சொல்லவில்லை. சூடான இன்ஜினுக்குள் போய் வெந்து, சைலன்சர் வழியாக நீலப் புகையாக வெளியே வருகிற வாசனையைச் சொல்கிறேன். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கருகல். இந்த நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த காலத்தில் காஜா பேராங்கில் எங்கள் வீட்டை ஒட்டி இறக்கியிருந்த தகரக் கொட்டகை முழுக்க அந்த வாசனைதான். என் வயிற்றைச் சுத்தம் செய்ய அம்மா வாங்கி வைத்திருந்த "வெளக்கெண்ணெ" போத்தலை அண்ணன் தன் "பட்டாளத்து மோட்டாரு"க்கு ஊற்றிவிட்டான் என்று தெரிந்த அன்றைக்கு, வீட்டில் மிகவும் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

சோமு அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எனக்குப் பத்து. ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தௌக்கேயின், லாரிப் பட்டறையில் அவன் மெக்கானிக். சண்டை முடிந்த பிறகு வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று பட்டறைக்குப் பின்னால் லாலாங் புல்லுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. இடத்தை அடைக்கிறதே என்று தௌக்கே அதை அவனுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். அது ஓட ஆரம்பிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஓட ஆரம்பித்ததும் முதல் சவாரி எனக்குத்தான். அதற்குப் பிறகு தினமும் காலையில் பின்சீட்டில் என்னை உட்காரவைத்து, தெங்கேரா வழியாகச் சுற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவான். நேர்வழியில் போனால் ஐந்து நிமிடம்தான். ஆனால் நேர்வழியில் போக நாங்கள் இரண்டு பேருமே விரும்பியதில்லை. மோட்டாரில் வந்து இறங்குகிற ஒரே பெண் என்று எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் "ஸ்க்ராம்பிள்" பைத்தியம் ஊருக்குள் வந்தது. ரோட்டில் ஓட்டுகிற பந்தயம் அல்ல அது. மேட்டிலும் பள்ளத்திலும் சேற்றிலும் விழுந்து எழுந்து ஓட்டுவது. அதற்கென்று அண்ணன் மோட்டாரை மறுபடி பிரித்தான். முன்விளக்கைக் கழற்றினான், மட்கார்டுகளை வெட்டினான், சைலன்சரைச் சேறு படாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டினான், பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் தேடிக்கொண்டு வந்தான். எதைக் கழற்றினாலும் கையில் தூக்கி எடை பார்த்துச் சிரிப்பான். ஒருநாள் பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன், என் பின்சீட்டு மண்ணில் கிடக்கிறது. அதைத் தாங்கியிருந்த இரும்பையும் ரம்பத்தால் அறுத்துவிட்டான்.

"நாலு காத்தி எடை கொறைஞ்சிச்சு பாப்பா!" என்றான், எனக்கு ஏதோ பரிசு கொடுப்பவனைப்போல.

நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். அவன் அதைக் கவனிக்கவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவன் கவனம் முழுக்க வேறொரு விஷயத்தில் இருந்தது. கோலாலம்பூரில் பந்தய வண்டிகளைத் தயார் செய்கிற பட்டறை ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அப்பாவுக்கோ வேறு திட்டம். கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் பூர்வீக ஊரில் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்ள மூத்தவனை அனுப்புகிறேன் என்று அப்பா எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டார். அதைச் சொல்லி வீட்டில் பல மாதங்களாகச் சண்டை. கடைசியில் ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து அப்பா சொன்னார்: "பட்டாளத்தான் தூக்கிப் போட்ட இரும்பு அது. நீ செஞ்ச வேல நெசமான வேலன்னா, அந்தப் பந்தயத்த நடுவுல நிக்காம ஓடி முடிக்கட்டும். ஜெயிக்கக்கூட வேணாம்லா. முடிச்சா கோலாலம்பூருக்குப் போ. நின்னுச்சுன்னா எங்கூட கப்பலேறு."

"சரிப்பா," என்றான் அண்ணன். அவ்வளவு சீக்கிரம் அவன் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், தன் கைவேலைமேல் அவனுக்கிருந்த நம்பிக்கை. எனக்கு அந்தக் கப்பல் கதையில் நம்பிக்கை இல்லை. அப்பா தீபாவளிக்குத் தீபாவளி யாரையாவது கப்பலேற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

பந்தயத்துக்கு முதல்நாள் ஆயுத பூசை. கொட்டகையைக் கழுவி, ஸ்பானர், ரம்பம், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்து வாழையிலையில் பரப்பி, மோட்டாருக்குச் சாமந்தி மாலை போட்டு அம்மா தயாராகிவிட்டாள். அண்ணனோ பின்சக்கரத்தைக் கழற்றி, செயினைச் சரிசெய்து, அப்போதுதான் மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். ஸ்பானருக்குக் கையை நீட்டினான்.

"டேய், பூசைக்கு வச்ச சாமான தொடாத! நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம்," என்றாள் அம்மா.

அவன் சிரித்துக்கொண்டு நட்டைக் கையாலேயே முடிந்தவரை முடுக்கிவிட்டு எழுந்தான். போகும்போது என் காதோரம் குனிந்து, "பாப்பா, நாளைக்கு ஞாபகப்படுத்து. பின்சக்கரத்து நட்டு கையால முடுக்குனதுதான்," என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இங்கே பட்டறைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்பானர் போட்டு இறுக்கி முடித்த நட்டின்மேல் சிவப்புச் சாயத்தால் சின்னதாக ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். பொட்டு இருந்தால் அந்த நட்டை மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று அர்த்தம். அண்ணன் தன் மோட்டாரிலும் அப்படித்தான் வைத்திருந்தான். அன்றைக்குப் பூசையில் அம்மா மோட்டாருக்குச் சந்தனம் தெளித்து, தன் பங்குக்குக் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் குங்குமம் வைத்தாள். பின்சக்கரத்து நட்டுக்கும் ஒன்று வைத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஒரே அமர்க்களம். தௌக்கே கொடுத்த லாரி சீக்கிரமே வந்துவிட்டது. மலாயே தாய்மொழியாகிப்போன பழைய தமிழ் வணிகர் வம்சத்தின் கிராமமான சிட்டி கம்பத்திலிருந்து அண்ணனின் கூட்டாளி பாலா வந்தான். நெற்றியில் எங்களைப் போலவே திருநீறு, வாயைத் திறந்தால் மலாய் மட்டும்தான். கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க மோட்டாரை உருட்டினார்கள். லாரியில் ஏற்றும்முன் அண்ணன் ஒரு சுற்றுச் சுற்றிவந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தான். எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு இருந்தது. திருப்தியாக என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, எல்லாம் சரிதான?" என்றான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. அவன் உட்காரும் சீட்டுக்குப் பின்னால், அறுத்த இரும்பின் முனை பளபளவென்று தெரிந்தது. "ம்" என்றேன்.

பழைய ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவுக்காகத் தோட்டத்தில் போட்டு வைத்திருந்த மேட்டு நிலத்தில்தான் பந்தயம். எட்டுச் சுற்று. மழை பெய்து செம்மண் குழம்பாகியிருந்தது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் புது வண்டிகளோடு விழுந்து புரள, துருவிலிருந்து எழுந்து வந்த எங்கள் மோட்டார் மட்டும் மேடேறி மேடேறி வந்துகொண்டிருந்தது. குடையும் கையுமாக ஒதுங்கி நின்ற அப்பா மூன்றாவது சுற்றில் கயிற்றுப் பக்கம் வந்துவிட்டார், ஆறாவது சுற்றில், "விடாத! விடாதடா சோமு!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எனக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. ஓடிப்போய் வேலியோரம் நின்று அண்ணனிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் என்னை என்ன நினைப்பார்கள் என்ற பயம் காலைக் கட்டிவிட்டது.

ஏழாவது சுற்றில், எங்களுக்கு நேர் எதிரே இருந்த மேட்டில், பின்சக்கரம் கோணிக்கொண்டது. செயின் கழன்று சேற்றில் தொங்கியது. அண்ணன் இறங்கிக் குனிந்து பார்த்தான். நட்டின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான். விரலைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பூக்கான் சாலா டியா, பாக்சீக்," அவன்மேல் தப்பில்லை மாமா என்று, பாலா அப்பாவிடம் ஓடிவந்து கெஞ்சினான். அப்பா குடையை மடக்கினார். "தெரியும். ஆனா பேச்சு பேச்சுதான்," என்றார். அவர் குரலில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

அடுத்த கப்பலிலேயே இரண்டு பேரும் போனார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார். திரும்பி வருவதற்கான அனுமதித்தாள் அண்ணனிடமும் இருந்தது. பெரியப்பா படுக்கையில் விழ, அவரை விட்டு வர முடியாமல் தாளில் போட்டிருந்த நாள் கடந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவனுக்கு இந்த நாடு வெளிநாடு. தன் குங்குமம்தான் பிள்ளையைக் கப்பலேற்றியது என்று அம்மா கடைசிவரை நம்பினாள். அதற்குப் பிறகு எந்த ஆயுத பூசைக்கும் அவள் கையால் பொட்டு வைக்கவில்லை. நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்த பிறகு ஒருமுறை அவனைப் பார்க்கப் போனேன். வயலுக்கு நடுவே வீடு. பம்புசெட்டைத் தவிர அவன் தொட்ட இன்ஜின் எதுவும் அங்கே இல்லை. சாப்பிடும்போது தன் மகனிடம் என்னைக் காட்டி, "அத்தையக் கேளு. குங்குமத்துக்கும் பெயிண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மெக்கானிக்கு உங்கப்பன். நட்டு முடுக்க மறந்தவன்," என்று சொல்லிச் சிரித்தான். என்னை ஞாபகப்படுத்தச் சொன்னதை அவன் மறந்துவிட்டானா, இல்லை மறந்த மாதிரி இருந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டு நானும் சிரித்தேன். அதற்கடுத்த வருடம் அவன் போய்விட்டான்.

அந்த மேட்டு நிலம் இப்போது வரிசை வீடுகள் நிறைந்த தாமான். கொட்டகை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அதே மாதிரிப் பழைய பட்டாளத்து மோட்டார் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து, ஸ்க்ராம்பிள் ஓட்டுவதற்காகப் பிரித்துப் போட்டிருந்தான். வாசலில் நின்று நான் வெகுநேரம் பார்ப்பதைக் கண்டு, "என்னா ஆண்ட்டி, ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றான். எங்கள் அண்ணன் இதே தெருவில் இதே வண்டியைச் செய்தவர் என்றேன். அவன் கண்கள் விரிந்தன.

"அப்புறம் ஏன் ஆண்ட்டி விட்டுட்டாரு?"

வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, அண்ணனும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்திருக்காது.

"நட்டு முடுக்க மறந்துட்டாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.