மாமாவின் பெயர் விழுந்த சீட்டு

மலையாள ஊரில் இருக்கிற எங்கள் சின்னத் தமிழ்ச் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் மொத்தம் நான்கு பேர். அதில் வாலிபர் என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் கிடையாது. அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. மற்ற இருவர் ஸ்டெல்லாவும் அவள் தம்பி ஜஸ்டினும். அவர்களுடைய அப்பா தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். ஐக்கியத்தை நடத்தியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பழவங்காடியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். மீசை முளைத்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரையும் கணக்கில் சேர்த்து ஐந்து பேர் என்றுதான் போதகர் அறிவிப்பில் வாசிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மலையாளச் சபைக்காரர்கள் தங்கள் ஹாலை எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். சுவரோரமாக நூறு நாற்காலிகள் அடுக்கியிருக்கும். அதில் ஐந்தை எடுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்காருவோம். பாட்டுப் பாடினால் எதிரொலிதான் எங்களைவிடச் சத்தமாகப் பாடும்.

மாமா எங்கிருந்தோ விளையாட்டுகளை அச்செடுத்துக்கொண்டு வருவார். எல்லாமே முப்பது பேர், ஐம்பது பேர் விளையாடுவதற்காக யாரோ எழுதிவைத்தவை. அவற்றை நான்கு பேருக்கு வெட்டிச் சுருக்குவதே அவருக்கு வாரம் முழுவதும் வேலை. எரிகோ மதில் விளையாட்டில் பாதிப் பேர் மதிலாக நிற்க வேண்டும், மீதிப் பேர் ஏழு தரம் சுற்றிவர வேண்டும். எங்களுக்கு மதிலாக நிற்க ஆளில்லை. நாற்காலிகளை அடுக்கி மதில் கட்டினோம். நான்காவது சுற்றிலேயே ஜஸ்டினுக்குத் தலைசுற்றி மதில் மேல் விழுந்தான், எரிகோ மூன்று சுற்று முன்னதாகவே இடிந்துவிட்டது. நோவாவின் பேழை இன்னும் மோசம். கண்ணைக் கட்டிக்கொண்டு, மிருகத்தைப்போல் கத்தி, தன் ஜோடியைத் தேடிப் பிடிக்க வேண்டும். நான்கு பேருக்கு இரண்டே ஜோடி. ஒரு பசு கத்தினால் அடுத்த பசு யாரென்று கேட்கவா வேண்டும்? ஒரு நிமிஷத்தில் பேழை நிரம்பிவிடும். மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இனி என்ன செய்யலாம் மக்களே?" என்று எங்களையே கேட்பார்.

நான்கு பேருக்குச் சரியாகப் பொருந்திய விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். ஒருவர் கண்ணை மூடி, கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அப்படியே பின்னால் சாய வேண்டும். மற்றவர்கள் கைகோத்து நின்று தாங்கிப் பிடிக்க வேண்டும். விசுவாசம் என்றால் இதுதான் என்பார் மாமா. ஒருமுறை நாங்கள் பிடிவாதம் பிடித்ததால் அவரும் சாய்ந்தார். எங்கள் எட்டுக் கைகளையும் பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் நவம்பரில், நாங்கள் கேட்காமலேயே, "இன்னைக்கு நான் விழுறேன், பிடிக்கியளா?" என்றார். பிடித்துவிட்டோம். கொஞ்சம்கூடத் தள்ளாடவில்லை. கைதட்டிக் குதிக்கலாம் என்றால் அவர் உடனே எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடி எங்கள் கைகளிலேயே கொஞ்ச நேரம் கிடந்தார். நாங்கள் வளர்ந்து பலசாலிகளாகிவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையடித்தேன். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அந்த டிசம்பரோடு மாமா போய்விட்டார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை ஒளித்துவைக்க எனக்கு மனமில்லை. வயிற்றில் அல்சர் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அல்சர் என்றால் மூன்று வேளையும் கஞ்சி குடிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டிசம்பர் வந்தால் இங்கே பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் எடுப்பார்கள். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுத்து, நம் கைக்கு வந்த பெயர்க்காரருக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு பரிசு வாங்கிவைப்பது. கடைசி நாளில்தான் யாருக்கு யார் என்று வெளியே தெரியும். மாமா அதில் தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்திருந்தார். பரிசு மட்டும் போதாது, அந்த ஆளுக்காகத் தினமும் ஒருதடவை ஜெபிக்கவும் வேண்டும்.

ஐந்து பேருக்குள் இந்த விளையாட்டு நடப்பதே பெரும்பாடு. முந்தைய வருஷம் ஜஸ்டினுக்கு அவன் பெயரே வந்தது. மறுபடி குலுக்கியபோது அண்ணனுக்கு அண்ணன் பெயர். மூன்றாம் தரம் குலுக்குவதற்குள் எல்லாருடைய ரகசியமும் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஆகவே இந்த வருஷம் மாமா கடையிலிருந்து நல்ல தாளாகக் கொண்டுவந்து, சீட்டுகளை வீட்டிலேயே எழுதி மடித்து, பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்து வந்தார்.

"இந்தத் தடவ ஆருக்கும் சொந்தப் பேரு வராது. நான் உறப்பு தாறேன்" என்றார். "ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. ஆரு பேருன்னு கூடப் பொறந்தவங்ககிட்டகூடச் சொல்லப்பிடாது. சொன்னா ஜெபம் பலிக்காது."

ஆளுக்கொன்று எடுத்தோம். மிஞ்சிய சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் சீட்டில் 'மாமா' என்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டெல்லா பெயர் வரும், அவளுக்குக் கிளிப் வாங்கலாம் என்று முன்கூட்டியே கடையில் பார்த்துவைத்திருந்தேன். ஒரே வீட்டில் இருக்கிற, மீசை வைத்த, தலையில் கிளிப் மாட்டாத ஆளுக்கு என்ன வாங்குவது?

முதல் மூன்று நாள் ஒழுங்காக ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மாமாவுக்கு ஒரு பைக் கிடைக்க வேண்டும், நாங்கள் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற கஷ்டம் தீர வேண்டும் என்று. அப்புறம் கிறிஸ்துமஸ் பரீட்சை வந்தது. மாமாவையும் பைக்கையும் சுத்தமாக மறந்துபோனேன்.

மூன்றாவது ஞாயிறு மாமா விளையாட வரவில்லை. "நீங்க விளையாடுங்க, நான் பாக்கேன்" என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேரப்போகிறார், சின்ன ஆபரேஷன், ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்று அம்மா காலையில்தான் சொல்லியிருந்தாள். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் எங்களைக் கிட்டே கூப்பிட்டார்.

"அவங்கவங்க ஃப்ரெண்டுக்காக ஜெபிக்கியளா? தினமும்?"

முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் முந்தினேன். "தினமும் மாமா!" என்று அந்த ஹாலே அதிரும்படிக் கத்தினேன். எனக்குப் பின்னால் மற்ற மூவரும் சொன்னார்கள்.

"சந்தோஷம் மக்களே" என்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐயோ பாவம், மாமாவுக்கு வியர்வை துடைக்க ஒரு கைக்குட்டைகூட இல்லையே என்று நினைத்தேன். பரிசு என்ன வாங்குவது என்ற கவலை அந்த நிமிஷத்தில் தீர்ந்தது. ஓரத்தில் நீலக்கோடு போட்ட கைக்குட்டை ஒன்றை வாங்கி, வர்ணத்தாளில் சுற்றிப் பள்ளிப் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

ஒரு வாரத்தில் அவர் வரவில்லை. ஃப்ரெண்ட் யாரென்று சொல்லும் நாளை, மாமா வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள் அவரைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ அதற்குள்ளிருந்த பல்பை மட்டும் அணைத்துவிட்டார்கள்.

அவருக்கென்று இருந்தது நான் ஒருத்தி, நான் ஜெபிக்காததால்தான் செத்துப்போனார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. கைக்குட்டையையாவது கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு பெட்டியருகே போனால், அங்கே ஜஸ்டின் நிற்கிறான். கையில் ஒரு பொட்டலம். அவனுக்குப் பின்னால் ஸ்டெல்லா, அவள் கையிலும் ஒன்று. அண்ணனோ தன்னுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"மாமனாக்கும் என் ஃப்ரெண்டு" என்றான் ஜஸ்டின், விசும்பிக்கொண்டே.

"பொய்! என் ஃப்ரெண்டு!"

"இல்ல, எனக்காக்கும் வந்தது!"

நான் அவன் பொட்டலத்தைப் பிடுங்கினேன். அவன் என் தலைமயிரைப் பிடித்தான். தாள் கிழிந்து ஒரு சாவிவளையம் பெட்டியின் ஓரத்தில் பட்டுக் கீழே விழுந்தது. மாமாவிடம் பூட்டும் கிடையாது, வண்டியும் கிடையாது. பெரியம்மா வந்து எங்கள் இருவரையும் முதுகில் ஆளுக்கு ஒன்று வைத்து வெளியே தள்ளினாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். செத்துப்போன பிறகு என் ஆளை எல்லாரும் பங்கு போட வந்துவிட்டார்களே என்று.

சில நாள் கழித்து அம்மா மாமாவின் அலமாரியிலிருந்து நான்கு பொட்டலங்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் எங்களில் ஒருவர் பெயர், அடியில் 'உன் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்' என்று எழுத்து. எனக்கு ஸ்கெட்ச் பென் செட். யாரோ என் பெயரை எடுத்தவர்கள், கடைக்காரராயிற்றே என்று மாமாவிடம் வாங்கித்தரச் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஸ்டெல்லாவாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு நன்றியும் சொன்னேன். அவள் திருதிருவென விழித்தாள். அடுத்த ஜூனில் அவள் அப்பா வேலை மாறிக் குடும்பத்தோடு நாகர்கோவிலுக்கே திரும்பிப் போனார். எங்கள் வாலிபர் ஐக்கியம் அத்தோடு முடிந்தது.

பல வருஷம் கழித்து, போன டிசம்பரில், அதே ஹாலில் நானும் சீட்டு எழுத உட்கார்ந்தேன். இப்போது ஞாயிறு பிள்ளைகளை நான்தான் பார்க்கிறேன். ஐந்து பேர், மழை வந்தால் மூன்று. யாருக்கும் சொந்தப் பெயர் வராமல் எப்படிக் குலுக்குவது என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் யாருக்காவது தன் பெயரே வர வழியிருந்தது. மாமா மட்டும் எப்படி அத்தனை உறுதியாகச் சொன்னார்? பேனா கையில் அப்படியே நின்றது. பிள்ளைகள் ஒருவருக்கும் சொந்தப் பெயர் வராமலிருக்க ஒரே வழிதான் உண்டு. அவர்கள் பெயரை எழுதவே கூடாது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் ஷார்ஜாவில் இருக்கிறான். வேலை நேரம்தான், ஆனாலும் எடுத்தான்.

"உனக்கு அந்த வருஷம் யார் பேரு வந்தது?"

எந்த வருஷம் என்று அவன் கேட்கவில்லை. "மாமா பேருதான். ஜஸ்டின் பொய் சொல்லல்ல."

"உனக்கு அப்பமே தெரியுமா?"

"பெட்டிக்கிட்ட வச்சே தெரிஞ்சு."

"பின்ன ஏன் இத்தன வருஷமா என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா, நீ ஜெபிச்சியான்னு என்னக் கேப்பே. நான் ரெண்டு நாளு மட்டும்தான் ஜெபிச்சேன்" என்றான்.

அந்த நவம்பரில் மாமாவுக்கு இருந்த வயசுதான் எனக்கு இப்போது. பயம் வந்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று கொஞ்சம் தெரிகிறது. அவர் அம்மாவிடம் அழுதிருக்க முடியாது, அம்மா தாங்கமாட்டாள். போதகரிடம் சொன்னால் அறிவிப்பில் வாசித்துவிடுவார். தனக்காக ஜெபியுங்கள் என்று எங்களிடம் நேரே கேட்டிருந்தால் நாங்கள் பயந்திருப்போம். அதனால் கடையிலிருந்து நல்ல தாள் கொண்டுவந்து, முன்னறையில் உட்கார்ந்து, தன் பெயரையே ஒவ்வொரு சீட்டிலும் எழுதி மடித்திருக்கிறார். திரும்பிப் பார்க்காமல் சாய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர், சாய்வதற்கு முந்தின நாள் ஒரே ஒருதரம் திரும்பிப் பார்த்தார். எங்கள் கைகள் கீழே இருக்கின்றனவா என்று கேட்டார். தினமும் மாமா என்று முதலில் கத்தியது நான்தான்.