பச்சை இலை

நனைந்த சேவல் இறகுக்கு ஒரு நாற்றம் உண்டு. கோபால் மாமாவின் சட்டைப்பையில் அது எப்போதும் இருந்தது. அம்மாவின் தம்பியான அவருக்குக் கலும்பாங் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. சேவலின் பிடரி இறகைக் கத்தரித்து, தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிச் சுற்றி, பூச்சி மாதிரி ஒன்றைக் கட்டுவார். அதைத் தண்ணீர்மேல் விழவிட்டால் "செபராவ்" மீன் நிஜப் பூச்சியென்று நம்பிப் பாயும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் மழை இறங்கும் அந்த இரண்டு மாதம்தான் அதற்குக் காலம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், அப்பாவும் மாமாவும் மோட்டார் சைக்கிளில் மலையாற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள், இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நான்.

அந்த ஆற்றில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. நாங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்; மலைக்கு மேலே எங்கோ மழை கொட்டியிருக்கும்; அந்தத் தண்ணீரெல்லாம் திரண்டு ஒரே மூச்சில் இறங்கும். மலாய்க்காரர்கள் அதை "கெப்பாலா ஆயர்" என்பார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். அதனால் ஒருவர் ஆற்றில் இறங்கினால் ஒருவர் கரையில் காவல். காவல் இருப்பவர் தூண்டிலைத் தொடக்கூடாது, ஆற்றின் மேல்பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. "பழுத்த எல எப்பவும் வரும், அத விடு. பச்ச எல வந்துச்சுன்னா மேல வெள்ளம் ஒடிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம், எல்லாத்தையும் போட்டுட்டு ஏறிடு" என்று மாமா என் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லியிருக்கிறார். இதிலே ஒரு கேடு என்னவென்றால், பச்சை இலை வரும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் மீன் பேய் பிடித்ததுபோல் கடிக்கும்.

எனக்குப் பதினோரு வயது. நச்சரித்து நச்சரித்து அன்றைக்குத்தான் தூண்டிலை முதன்முதலாகக் கையில் வாங்கியிருந்தேன். கரையோரப் பாறையில் நான் நின்றேன், எனக்குப் பின்னால் அப்பா காவல். நான்காவதோ ஐந்தாவதோ வீச்சில் கம்பு வளைந்தது. மீன் இழுத்துக்கொண்டு ஓடி, நடு ஆற்றில் கிடந்த மரத்தில் தூண்டில் நரம்பைச் சிக்கவைத்துவிட்டது. நான் அழாத குறை. "அழுவாதடி, மாமா எடுத்துத் தரேன். மச்சான், பாத்துக்குங்க லா!" என்று சொல்லிவிட்டு மாமா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்.

அப்போது இலை வந்தது. காம்பும் கிளையுமாக ஒரு கொத்து, நல்ல பச்சை. நான் பார்த்தேன். திரும்பி அப்பாவைப் பார்த்தேன், அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் இலையிலிருந்து என் கம்புக்கு வந்தது. "விடாத, விடாத, இழு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மகள் பிடிக்கும் முதல் மீன் அல்லவா, ஐயோ, அந்த ஒரு நிமிடத்தை அவர் எனக்குக் கொடுத்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த மீன் வேண்டியிருந்தது.

மாமா நரம்பை விடுவித்து, மீனைச் செவுளில் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அப்பா "ஏறு" என்று கத்தியபோது தண்ணீரின் சத்தம் வந்துவிட்டிருந்தது. என் சட்டைக் காலரைப் பிடித்து அப்பா மேலே இழுத்தெறிந்தார். திரும்பிப் பார்த்தால் ஆறு முழுக்கச் செம்மண் நிறம், மரம் இல்லை, மாமா இல்லை. இரண்டு நாள் கழித்து ஆற்றின் கீழ்ப்பக்கம், ஒரு பாலத்துக்கு அடியில் உடலைக் கண்டெடுத்தார்கள்.

"ஒரு எலகூட வரல" என்று அப்பா போலீஸிடம் சொன்னார், துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னார், அம்மாவிடம் சொன்னார். அம்மா கடைசிவரை அதை நம்பினாள். நம்பாமல் அந்த மனிதனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவாள்? அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதற்குப்பிறகு அப்பா மீன் தின்னவில்லை, என்னோடு தனியாக ஓர் அறையில் உட்காரவும் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததா, என்மேலேயா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தெரியவில்லை.

மாமாவின் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வருஷா வருஷம் மாமாவின் திதியன்று, படையல் முடிந்ததும் அவர் அப்பாவிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "அண்ணே, ஒரு எலகூடவா வரல?" அப்பா "வரலம்மா" என்பார். பிறகு எல்லோரும் சாப்பிடுவோம்.

தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, லயம் இருந்த இடம் எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த ஆற்றில் செபராவைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது என்கிறார்கள். அம்மா போய்விட்டாள். போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். இந்தத் தீபாவளி மழையில், புக்கிட் செந்தோசாவில் அத்தை வீட்டுத் திதிக்கு நான் மட்டும் போனேன். படையல் முடிந்தது. அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீயும்தானே அங்க இருந்த. ஒரு எலகூடவா வரல?"

சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன், சத்தியமாக. சாப்பாட்டு இலையில் கிடந்த வடையைப் பார்த்துக்கொண்டே, "வரல அத்த" என்றேன்.

அத்தை எனக்குச் சோறு வைத்தார்.

"உங்கப்பாவும் இப்படித்தான், குனிஞ்சுக்கிட்டே சொல்வாரு" என்றார்.