பன்னிரண்டில் சேர்ந்த கைகள்

துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மூட்டை எண்ணியவன் நான். ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு மூட்டை இல்லை. மருமகளின் குதிகால் தட்டுகளை எண்ணினேன்.

அவள் ஞாயிறுதோறும் அடையாறு பக்கம் போய், ஒரு ஸ்பெயின்காரப் பெண்மணியிடம் அந்த நாட்டு ஃப்ளமெங்கோ ஆட்டம் கற்றுக்கொண்டாள். ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் பலகை போட்டு, ஆணி பதித்த காலணியோடு தினமும் பயிற்சி. கீழே நான் கூரையில் விரிசல் விழுகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். மூன்று விரிசல்கள். இரண்டு பழையவை.

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு மேலே பார்த்தாள். “இன்னா நைனா, மாடில கப்பல் கட்டிகினு கீறீங்களா?”

“ஸ்பெயின் டான்ஸு.”

“நம்ம ஊர்ல டான்ஸுக்கா பஞ்சம்? அங்கேர்ந்து வேற எறக்கணுமா?”

மாதா கோயில் திருவிழாவில் ஆட அவளுக்கு ஆறு நிமிடம் கொடுத்தார்கள். அதுவும் முணுமுணுத்துக்கொண்டே. ஜனங்கள் சிரித்தால் இனி மேடை கிடையாது என்று விழாக் குழுக்காரர் நேராகவே சொல்லிவிட்டார். கிதார் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. கைத்தட்டலை மட்டும் வைத்தே ஆடலாம் என்றாள். தட்ட வேண்டிய என் மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான்.

“நீங்க தட்டுங்க மாமா. நான் பண்ற தப்பெல்லாம் கீழேர்ந்தே எண்ணிகினுதான கீறீங்க?”

பன்னிரண்டு எண்ணிக்கை ஒரு சுற்று. மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டில் அழுத்தித் தட்ட வேண்டும். கணக்கு நழுவினால் அவளுக்குக் கால் வைக்க இடமிருக்காது. ஒரு மாதம் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில்கூடத் தட்டிப் பழகினேன்.

விழாவன்று மாலை, கோயில் கூடத்து மேடையில் முதல் நான்கு சுற்றும் பிசகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நான் எதிர்பாராத ஆபத்து வந்தது: ஜனங்களுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. அவள் பலமாக மிதித்த ஒரு பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டு மீன்காரப் பெண் தட்டத் தொடங்க, கூடமே சேர்ந்துகொண்டது. ஆனால் அது நம்ம ஊர் கானா பாட்டுக்குத் தட்டுகிற தட்டு. நான்குக்கு ஒன்று. என் ஆறும் பத்தும் அதில் மூழ்கின. மருமகள் என்னைப் பார்த்தாள். அவள் கால் தயங்கியது.

கை காட்டி அவர்களை நிறுத்தத்தான் எழுந்தேன். எழும்போதே கணக்கு பிடிபட்டது. நான்கு, எட்டு, பன்னிரண்டு. எட்டிலும் பன்னிரண்டிலும் அவர்கள் எங்களோடுதான் இருக்கிறார்கள். நிறுத்துவானேன்? நின்றபடியே என் தட்டுகளை அவர்களுடையவற்றுக்கு நடுவே ஓங்கி அடித்தேன். “பன்னெண்டு” என்று ஒருமுறை அவளுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

அவள் பிடித்துக்கொண்டாள். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பெயினும் காசிமேடும் பிரிந்து போய், பன்னிரண்டில் வந்து சேர்ந்தன. கடைசிப் பன்னிரண்டில் அவள் குதிகால், என் உள்ளங்கை, கூடம் முழுவதும் ஒரே அடியாக விழுந்தது. நாற்காலிகள் நூற்று அறுபது. எழுந்து நின்றவர்களை எண்ண முடியவில்லை.

“இன்னொரு தபா ஆடு கண்ணு” என்றாள் மீன்காரப் பெண். குழுக்காரரே மேடையோரம் வந்தார். “அடுத்த ஐட்டம் வெயிட் பண்ணட்டும். நீ ஆடும்மா.”

மருமகள் மூச்சு வாங்கியபடி என் பக்கம் குனிந்தாள். “ஒம்பதாவது சுத்துல தாளத்த முந்தி ஓடிட்டீங்க மாமா.”

உண்மைதான். நான் கைகளைத் தூக்குவதற்குள் கூடம் தட்டத் தொடங்கிவிட்டது.