மாமா உட்கார்ந்த பந்தி

பீஷியாவுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. ஒரு கோப்பை தேநீர் கேட்டால் கூஜாவோடு கொண்டுவந்து வைப்பாள். சீனத்து ஆன்ஷி மலையில் தேயிலை பறிக்கும் குடும்பத்துப் பெண். புருஷன் வெய்மின் சுவான்சோ துறைமுகத்துக்காரன்; பிழைப்புக்காக மலையேறி வந்து அங்கேயே தங்கிவிட்டான். அவன் அப்பா அடிக்கடி பஸ் பிடித்து வருவார். சந்தையில் நல்ல பன்றிக்கறியாகப் பார்த்து வாங்கி வந்து, மருமகள் சமைத்தால்தான் கறி கறியாக இருக்கிறது என்று சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். பெற்ற தகப்பனிடம்கூட அவளுக்கு அத்தனை ஒட்டுதல் கிடையாது.

மாமா செத்தபோது அவள் பிரசவத்தில் கிடந்தாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆற்றாமையோடுதான் முதலாண்டுப் படையலுக்கு, கைக்குழந்தையும் மூட்டையுமாக, முதல்முறையாகச் சுவான்சோவில் வந்து இறங்கினாள்.

அப்பம் பொரிப்பது அவள் பொறுப்பு. பக்கத்தில் கடலை எண்ணெய் இருந்தது. கடலை எண்ணெயில் என்ன மணம் இருக்கிறது? அவர்கள் மலையில் பன்றி இல்லாத படையல் செத்தவர்களை அவமதிப்பது போல. ஊரிலிருந்து கொண்டுவந்த பன்றிக்கொழுப்பை யாரும் பார்க்காத நேரம் சட்டியில் வழித்துப் போட்டாள். மாமாவுக்குப் பிடிக்குமே.

முன்னோர் மண்டபத்தில் செத்தவர்களின் பெயர்ப்பலகைகள் படிப்படியாகக் கூரைவரை ஏறியிருந்தன. கீழே ஆடு, கோழி, மீன், நண்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் அவளுடைய அப்பம். பன்றியை மட்டும் காணோம். மறந்துவிட்டார்களா என்று புருஷனிடம் கிசுகிசுத்தாள்.

வெய்மின் சொன்னான். உச்சியில் இருப்பவர்கள் மேற்குக் கடல் தாண்டிக் கப்பலில் வந்த வியாபாரிகள். பன்றியைத் தொடாதவர்கள். வீட்டில் நாம் என்ன தின்றாலும் அவர்கள் முன்னால் அதை வைப்பதில்லை.

பீஷியா அண்ணாந்து பார்த்தாள். கப்பல்கள் மக்கிப்போயின. வந்தவர்களின் பேச்சு போயிற்று, தொழுகை போயிற்று, பேரனுக்குப் பேரன் பன்றி தின்னவும் பழகிவிட்டான். இந்தத் தட்டு மட்டும் இத்தனை நூறு வருஷமாகத் தவறவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த கணம் சட்டியில் வழித்துப் போட்ட கொழுப்பு நினைவுக்கு வந்தது.

ஊதுபத்தி ஏற்றப் போகிறார்கள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் மொத்த வம்சத்தின் முன்னால் மானம் போகும். ஆனால் பழி மாமா மேல் விழுமே? அவள் நேரே மாமியாரிடம் போனாள்.

"அத்தை, அப்பத்துல பன்னிக்கொழுப்பு போட்டுட்டேன். மாமா ஆசையா சாப்பிடுவாரேன்னு..."

மாமியாருக்கு நாக்கில் சனி என்று பேர்.

"அது நம்மளோட இருந்தப்ப. இப்ப அவரு அவங்க பந்தியில உக்காந்திருக்காரு. வாய் நாறினா பக்கத்துல சேப்பாங்களா?" என்றவள் தட்டைத் தானே தூக்கினாள். நேரமாகிறது என்று யாரோ ஒரு பெரியவர் முனகினார். "இத்தனை காலம் காத்திருந்தவங்க இன்னொரு சட்டி அப்பத்துக்குக் காத்திருக்க மாட்டாங்களா? நீங்க சும்மா இருங்க."

புதுச்சட்டி, கடலை எண்ணெய். மாமியார் மாவை ஊற்ற, பீஷியா கண்ணைத் துடைத்துத் துடைத்துத் திருப்பிப் போட்டாள். கடைசியில் கேட்டேவிட்டாள்:

"நான் செத்தா என்னை அந்தப் பந்தியில உக்கார விடுவாங்களா, அத்தை?"

மாமியார் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானும் வெளியூர்லேருந்து வந்தவதான். எனக்கு உன் மாமா இடம் பிடிச்சு வச்சிருப்பாரு. உனக்கு நான் பிடிச்சு வைக்கிறேன். நீ மெதுவா வா."