ஆறரை மணி நேரத் தூரம்

டிராவல்ஸ் ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கடிகாரம்’. பத்தொன்பது வருடமாக ஜன்னலோர மேஜையில் டிக்கெட் போடுகிறவள். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம், எங்கே விமானம் மாற வேண்டும் என்று கேட்டால் கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை.

“ஊரையே ஏத்தி அனுப்புறீங்க, நீங்க எப்போ?” என்று முதலாளி கிண்டல் செய்வார்.

“நீங்க ஆபீஸைப் பூட்டினதும் சார்” என்பாள்.

அவள் இருந்தது ஒரு தீவு. அக்கா வாழ்க்கைப்பட்டுப் போனது வேறொரு தீவு. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். நேராகப் பறந்தால் ஆறரை மணி நேரம். ஆனால் நேர் விமானம் கிடையாது. வடக்கே ஒரு பெருநகரத்துக்குப் போய், ஒன்பது மணி நேரம் காத்திருந்து, அப்புறம் இன்னொரு ஊரில் சின்ன விமானம் பிடித்து, எல்லாம் சேர்த்து இருபத்தாறு மணி நேரம். ‘அடுத்த லீவுக்கு வர்றேன்க்கா’ என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, புதுத் தம்பதி ஒன்றுக்கு டிக்கெட் அச்சடித்துக்கொண்டிருந்தபோது அத்தான் போன் செய்தார்.

“அக்கா போயிட்டாம்மா. காலையில பாத்ரூம்ல விழுந்தவ எந்திரிக்கவே இல்ல.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அவள் காகிதங்களை உறையில் போட்டுத் தம்பதியிடம் நீட்டினாள். “நல்லபடியா போயிட்டு வாங்க” என்றாள்.

“இங்க சின்ன ஆஸ்பத்திரி, ரொம்ப நேரம் வெச்சிருக்க மாட்டாங்க. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்கு அடக்கம். நீ எப்போ வந்து சேருவே? ஒண்ணு ரெண்டு மணி நேரம்னா பேசிப் பார்க்குறேன்.”

“இன்னிக்கு மத்தியானம் ஒரு மணி ஃப்ளைட்டுல கிளம்பினா, உங்க நேரப்படி நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி” என்று கணக்குச் சொன்னாள். “காத்திருக்க வேண்டாம் அத்தான்.” வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரல்.

தன் டிக்கெட்டைத் தானே போட்டுக்கொண்டாள்.

விமானத்தில் எதிர்த் திரையில் மீதிக் கிலோமீட்டர் குறைந்துகொண்டே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருநகர விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரமும் ஒரே நாற்காலியில் இருந்தாள். தரை துடைக்கும் அம்மாள், “உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள். “இல்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். உண்மையிலேயே உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. அக்கா ஊரில் மத்தியானம் பன்னிரண்டு அடித்தபோது அடுத்த விமானத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முழுதும் சாப்பிட்டாள்.

சரியாக ஆறு மணிக்கு இறங்கினாள். அக்கா மகள் வந்திருந்தாள், கண்ணெல்லாம் வீங்கி.

“ரெண்டு மணி வரைக்கும் அப்பா எடுக்கவே விடல சித்தி. ஃப்ளைட் சீக்கிரம் வந்தாலும் வந்துடும்னு சொல்லிட்டே இருந்தாரு.”

“நாலு மணி நேரம் முன்னாடியெல்லாம் வராதும்மா” என்றாள். சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் அங்கே இருந்தாள். பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள். அழுகை வரவில்லை. கிளம்புகிற அன்று அத்தான் அக்காவின் சாம்பல்நிற ஸ்வெட்டரை எடுத்து வந்தார்.

“இதை எடுத்துட்டுப் போறியா?”

“எனக்கு அளவு சேராது அத்தான்.”

அவர் அதை அவள் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.