கலீலா ஏற்காத துக்கம்

நாக் ஹமாதி நகரத்துக்குத் தெற்கே, எங்கள் கரும்புக்காட்டு ஊர்களில் கலீலாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. கைக்கும்தான். வாய்க்கால் தண்ணீர் முறைச் சண்டையில் அவளுடைய இளைய மகன் பாகூமின் மண்டையை அவள் கொழுந்தன் மகன் ஹபஷி மண்வெட்டியால் பிளந்தான். துக்கம் கேட்க வந்தவர்களுக்காக உறவுக்காரிகள் போட்டுவைத்த காப்பியைக் கலீலா சாக்கடையில் ஊற்றினாள். வந்தவர்களை வாசலோடு விரட்டினாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பழி தீரும்வரை அந்த வீட்டில் யாரும் துக்கம் கேட்கக் கூடாது.

ஹபஷி சிறைக்குப் போனான். அவன் வெளியே வரும் நாளுக்காக மூத்த மகன் வனீஸை ஆறு வருடமாகத் தீட்டினாள் கலீலா. ஈஸ்டருக்கு அவன் புதுச் சட்டை போட்டால் முதுகோடு கிழித்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தபோது கன்னத்தில் அறைந்தாள். “உன் தம்பி மண்டை தெறந்து கெடந்துச்சு. உனக்கு மாப்பிள்ளைக் கோலம் கேக்குதா?” இதையும் தாயன்பு என்றுதான் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையையே தின்கிற அன்பு.

இந்தத் தவக்காலத்தில் ஹபஷி விடுதலையாகி வந்தான். குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் வழக்கம்போல் எல்லோருக்குமாக அடக்க ஜெபம் நடந்தது. அன்று தொடங்கும் பாடுகளின் வாரத்தில் யார் செத்தாலும் தனியாக அந்த ஜெபம் கிடையாது. அதனால் உயிரோடு இருக்கிறவர்களுக்கே முன்கூட்டி ஓதிவிடுவோம். குருவானவர் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள். வனீஸ் மட்டும் கண்ணை மூடி, அது தனக்கென்றே ஓதியது போல நின்றான். தான் ஹபஷியை வெட்டினால் அவன் தம்பிகள் தன்னை விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். கலீலா அவனைப் பார்த்தாள். மிச்சமிருக்கும் ஒருவனையும் தானே குழிக்குள் தள்ளிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். “போதும்டா. விட்டுரு.”

“ஆறு வருஷமா சோத்தோட சேத்து ஊட்டுன. இப்ப கக்கச் சொல்றியா?”

“ஊட்டுனவதானே சொல்றேன், கக்கு.”

“உனக்கு வயசாயிருச்சும்மா. பயந்துட்ட.”

“ஆமா, பயந்துட்டேன். ஒருத்தனப் பொதைச்சது பத்தாதா?”

புதன்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு நர்கிஸ் மூச்சிரைக்க ஓடிவந்து, வனீஸ் கரும்பு வெட்டும் கத்தியோடு ஹபஷியின் வயலுக்குப் போகிறான் என்றாள். கலீலா செருப்பைக்கூடத் தேடவில்லை. வெட்டிய கரும்பின் கட்டைகள் பாதத்தைக் கிழிக்கக் கிழிக்க ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஹபஷி சேற்றில் கிடந்தான். தோள் பிளந்து, ஒரு காது அறுந்து தொங்கியது. வனீஸ் அடுத்த வெட்டுக்குக் கத்தியை ஓங்கியிருந்தான். கலீலா ஹபஷியின் மேல் விழுந்தாள். இறங்கிய கத்தி அவளுடைய இடதுகை விரல் இரண்டைக் கொண்டுபோனது.

“இன்னும் ஓங்குடா. என்னை முடிச்சிட்டு அவனை வெட்டு.”

“அம்மா, பாகூமைக் கொன்னவன்மா அவன்.”

“தெரியும்டா நாயே. பெத்தவளுக்கே சொல்லித் தர்றியா?”

வனீஸ் கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். கலீலாவுக்கு ஹபஷியின் ரத்த வாடை குமட்டியது. அவன் மேலிருந்த வெறுப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனாலும் அவள் நகரவில்லை.

“பெரியம்மா” என்று விம்மிக்கொண்டே ஹபஷி அவள் கையைப் பிடித்து முத்தமிடப் போனான். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். யூதாஸ் துரோகத்துக்கு விலை பேசிய நாள் அது. முத்தமிட்டே அவன் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததை நினைத்து, அன்றிலிருந்து உயிர்ப்புவரை நாங்கள் யாரையும் முத்தமிடுவதில்லை.

“தள்ளுடா. இந்த வாரம் முத்தம் கெடையாது. ஞாயித்துக்கெழமை வீட்டுக்குத் துக்கம் கேக்க வா.”

பிறகு மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஹபஷியிடம் சொன்னாள்.

“உசுரோட வா.”