நல்லா ஓடுதுங்க

"ஏனுங்க, படியில தொங்கித்தான் சாகோணுமுங்களா?" பல்லடம் பஸ்ஸில் கண்டக்டர் என்னைத் திட்டிய விதம் இது. நம் தூத்துக்குடிப் பக்கம் என்றால் என் அப்பா வரைக்கும் இழுத்திருப்பார்கள். கோயம்புத்தூர் வந்து ஒரு வருஷமாகியும் இங்கே எது கோபம், எது உபசாரம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பம்பாயில் ஓட்டல் வேலை, பிறகு சூரத்தில் சாயப்பட்டறை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரைக் கூட்டிப் பெருக்கிய நாட்களில் சி என்ற கம்ப்யூட்டர் மொழி கற்றேன். இங்கே ஒரு சின்னக் கம்பெனியில் அதுதான் சோறு போட்டது. நூல் மில்களுக்கு எடை பதியும் புரோகிராம் செய்தோம். திரையில் தெரிவதைக் கூட வேலை பார்த்த அம்சவேணி ஜாவா என்ற இன்னொரு மொழியில் எழுதினாள். ஜாவாவுக்குத் தராசோடு நேராகப் பேச வராது. நடுவில் நின்று எடையை வாங்கிக் கொடுக்கும் 'லைப்ரரி' என்கிற துணைப் புரோகிராமை நான் சி-யில் எழுதினேன். ஜாவாவில் தப்பு நடந்தால் அது சொல்லும், சமாளித்துக்கொள்ளலாம். சி அப்படியில்லை. விருந்துக்குப் போன இடத்தில் அது தடுக்கி விழுந்தால் வீடும் சேர்ந்து விழும்.

முதலில் பல்லடத்து மில் ஒன்றில் இதைப் பொருத்தினோம். அது ஒழுங்காக ஓடினால்தான் அடுத்த ஆர்டர். இல்லாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு மறுபடி ரயில். போன் செய்யும்போதெல்லாம் மில்காரர், "நல்லா ஓடுதுங்க" என்பார். நம்பினேன்.

ஒருநாள் சொல்லாமல் போய் நின்றேன். எடை போடும் சரசக்கா கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. தராசு ஒயரை ஆராச்சும் மிதிச்சுப்போட்டா எல்லாம் மறைஞ்சு போயிருமுங்க. மறுக்கா போட்டா வந்துருது. தெனமும் நடக்கறதுதானுங்க."

மில்காரர் சங்கடமாகச் சிரித்தார். "ஊரு விட்டு ஊரு வந்து பொழைக்கறீங்க. குறை சொல்லி உங்க பொழப்பைக் கெடுக்கறதுங்களா?"

"நல்லா நாலு வசவு விட்டிருக்கலாமே அண்ணாச்சி!"

"வையறதுங்களா?" என்றார் சரசக்கா. "மொதல்ல சாப்புடுங்க கண்ணு."

ஒயர் கழன்றால் தராசிலிருந்து ஒன்றும் வராது. வராத எடையைப் பிடிக்கப் போய் என் லைப்ரரி விழுந்து, ஜாவாவையும் இழுத்துப் போட்டிருக்கிறது. இனி விழாமல், ஜாவாவுக்குப் பழகிய முறையிலேயே குறையைச் சொல்லும்படி மாற்றி எழுதினேன். 'தராசு ஒயரைப் பாருங்க' என்று திரையில் வரும்படி அம்சவேணி செய்தாள். ஆர்டர் வந்தது. தங்கிவிட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா மீன்குழம்பு ஊற்றினாள்.

"எப்படிலே இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

அம்மா விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். பிறகு என்னையே பார்த்தாள்.

"உப்பே போடலியேலே. யாரு வீட்ல சாப்பிடுதன்னு நெனச்ச?"